கலிப்போலி: கப்பலிலிருந்து பார்த்த மேடும் காலால் ஏறிய மேடும்

செவ்வாய், சனக்கலே

சனக்கலே கரையில் நின்றால் எதிர்க்கரையில் போகிற லாரி என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். தார்தனெல்ஸ் நீரிணை மொத்தம் 61 கிலோமீட்டர் நீளம். இந்த ஊருக்கும் எதிரே இருக்கிற கிலித்பஹீருக்கும் நடுவில் அது 1.2 கிலோமீட்டராக ஒடுங்கிவிடுகிறது. ஏஜியன் கடலிலிருந்து மர்மரா கடலுக்கு, அங்கிருந்து இஸ்தான்புல்லுக்கு, அதையும் தாண்டிக் கருங்கடலுக்கு, ரஷ்யத் துறைமுகங்களுக்கு என்று எந்தக் கப்பல் போனாலும் இந்த இடுக்குக்குள் நுழைந்துதான் போயாக வேண்டும். 1915இல் இதற்காகத்தான் பிரிட்டன், பிரான்ஸ் முதலான நேச நாடுகளுக்கும் இன்றைய துருக்கியை ஆண்ட உஸ்மானியப் பேரரசுக்கும் இடையே, முதலில் கடலிலும் அப்புறம் எதிர்க்கரையில் இருக்கிற கலிப்போலி தீபகற்பத்திலுமாகப் பத்து மாதத்துக்கு மேல் சண்டை நடந்தது.

என்னோடு வந்திருப்பவர் என் சித்தப்பா. மதராஸ் சாப்பர்ஸில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பாலம் கட்டுவதும் கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும்தான் அவருடைய வேலையாக இருந்தது. முதல் உலகப் போர் பற்றி நான் படித்தது நிறைய, அவர் படித்தது கொஞ்சம். ஆனால் ஒரு மேட்டைப் பார்த்தால் அதில் எங்கே துப்பாக்கி வைக்கலாம், எங்கே ஆள் ஒளியலாம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிட்டு வந்தேன்.

மாலையில் சிமென்லிக் கோட்டைக்குப் போனோம். 1462இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கட்டியது. எதிர்க்கரையில் கிலித்பஹீர் கோட்டையும் அதே காலத்தில் அவர் கட்டியதுதான், இரண்டு பக்கமிருந்தும் பீரங்கி சுட்டால் நடுவில் எதுவும் தப்பாது என்ற கணக்கு. இப்போது இது கடற்படை அருங்காட்சியகம். வாசலில் பீரங்கிகள், உள்ளே படங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் சித்தப்பா நேராகப் போய் நின்றது நுஸ்ரத் என்ற சின்னக் கப்பலின் முன்னால். அசல் கப்பல் இன்று தெற்கே தார்சூஸில் இருக்கிறது, இங்கே இருப்பது அதே அளவில் செய்த மாதிரி. பார்ப்பதற்கு அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் 1915 மார்ச் மாதத்தில் உலகத்தின் மிகப் பெரிய கடற்படையைத் திருப்பி அனுப்பியதில் பெரிய பங்கு இதற்குத்தான்.

அப்போது நீரிணையின் குறுக்கே ஏற்கனவே பத்து வரிசை கடற்கண்ணிகள் போட்டிருந்தார்கள். அவற்றை வாரி எடுக்க பிரிட்டன் அனுப்பியது வட கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ட்ராலர்களை. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். இந்த நீரிணையில் மேல்நீரோட்டம் எப்போதும் மர்மராவிலிருந்து ஏஜியன் பக்கமாக ஓடும், அதை எதிர்த்து வலையை இழுத்துக்கொண்டு போனால் அந்தப் படகுகள் நகர்ந்ததே பெரிய காரியம். இரவில் போனால் கரையிலிருந்து தேடுவிளக்கு வெளிச்சம் அடிக்கும், உடனே குண்டு வரும்.

சித்தப்பா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாரும்மா, கண்ணிவெடியை மட்டும் போட்டுவிட்டுப் போனால் எதிரி நிதானமாக எடுத்துவிடுவான். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு துப்பாக்கி வேண்டும். எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. இங்கே பீரங்கி கண்ணியைக் காப்பாற்றுகிறது, கண்ணி பீரங்கியைக் காப்பாற்றுகிறது. பீரங்கியை அடிக்கப் பெரிய கப்பல் கிட்டே வர வேண்டும், கண்ணி இருந்தால் பெரிய கப்பல் வர முடியாது. கண்ணியை எடுக்கச் சின்னப் படகு வர வேண்டும், பீரங்கி இருந்தால் சின்னப் படகு வர முடியாது.”

இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

நுஸ்ரத் செய்தது இதற்கும் ஒரு படி மேலே. முன்னால் நடந்த தாக்குதல்களில் நேச நாட்டுக் கப்பல்கள் சுட்டு முடித்துத் திரும்பும்போது ஆசியக் கரையோரமாக எரென்கோய் வளைகுடாவுக்குள் வலது பக்கம் திரும்பிப் போவதை உஸ்மானியர்கள் கரையிலிருந்து கவனித்துவைத்திருந்தார்கள். மார்ச் 7 இரவு கிளம்பி 8ஆம் தேதி விடிவதற்குள் நுஸ்ரத் அந்த வளைகுடாவில் 26 கண்ணிகளைக் கரைக்கு இணையாக, ஒரே வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பியது. மற்ற பத்து வரிசையும் குறுக்கே, இது மட்டும் நெடுக்கே. அடுத்த பத்து நாளும் இது இங்கே இருப்பது எதிரிக்குத் தெரியவில்லை.

மார்ச் 18 காலையில் அட்மிரல் டி ரோபெக் தலைமையில் போர்க்கப்பல்கள் வரிசை வரிசையாக உள்ளே வந்தன. பிரிட்டனின் புத்தம் புதிய குயின் எலிசபெத், அகமெம்னான், லார்ட் நெல்சன், இன்ஃப்ளெக்சிபிள் முதல் வரிசையில். அவற்றைத் தாண்டி முன்னால் போய் அடித்தது பிரெஞ்சு வரிசை. மதியத்துக்குள் கரைப் பீரங்கிகள் பல ஓய்ந்துபோயின. பிரெஞ்சுக் கப்பல்களைப் பின்வாங்கச் சொன்னார்கள், அவை வழக்கம்போல வலது பக்கம் திரும்பின. இரண்டு மணிக்குச் சற்று முன் பூவே என்ற பிரெஞ்சுக் கப்பல் வெடித்துச் சாய்ந்து இரண்டே நிமிடத்தில் மூழ்கியது. அறுநூறு பேருக்கு மேல் அதோடு போனார்கள். அப்புறம் இன்ஃப்ளெக்சிபிள் கண்ணியில் மோதித் தட்டுத்தடுமாறி வெளியேறியது. இர்ரெசிஸ்டிபிள் மோதி நின்றது, அதற்கு உதவப்போன ஓஷனும் மோதியது. இரண்டும் மூழ்கின. ஒரே பிற்பகலில் மூன்று போர்க்கப்பல்கள் போய்விட்டன, வேறு மூன்று சண்டைக்கு லாயக்கில்லாமல் ஆகிவிட்டன.

கடற்படை தனியாகவே போய் இஸ்தான்புல்லை மிரட்டிப் பணியவைத்துவிடலாம் என்று லண்டனில் சர்ச்சில் வற்புறுத்திய திட்டம் அன்றோடு முடிந்தது. ராத்திரி கரையோரம் உட்கார்ந்து, இந்த ஊருக்கே உரிய பாலாடைக்கட்டி அல்வா சாப்பிட்டோம். நாக்கில் நெய் வாசம். சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னொரு தட்டு வாங்கினார்.

புதன், கிலித்பஹீர் வழியாக செத்துல்பஹீர்

படகில் கால்மணி நேரம். ஏறி உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆசியாவிலிருந்து ஐரோப்பா வந்துவிடுகிறது. மலைச்சரிவில் பெரிய வெள்ளை எழுத்தில் “நில், வழிப்போக்கனே” என்று தொடங்கும் கவிதை வரிகள். கீழே இறங்கினால் கோட்டையைத் தாண்டி மெஜிதியே பீரங்கி மேடை. மார்ச் 18 அன்று குண்டு தூக்கும் பாரந்தூக்கி உடைந்துபோனதால் செயித் என்ற சாதாரணச் சிப்பாய் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டுகளை முதுகில் சுமந்துபோய் பீரங்கிக்குக் கொடுத்தார் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அவர் சிலை சாலையோரமே நிற்கிறது. பிறகு புகைப்படம் எடுக்க அதைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது அவரால் முடியவில்லை, மரத்தால் செய்த குண்டைச் சுமக்கவைத்துத்தான் படம் எடுத்தார்கள். போருக்குப் பிறகு ஊருக்குப் போய் விறகு வெட்டியும் கரி சுட்டும் பிழைத்தார். எனக்கு அந்தச் சிலையைவிட இந்த மரக்குண்டுப் படம்தான் பெரிதாகத் தெரிகிறது, உயிர் போகிற நேரத்தில் வந்த பலம் வேறு, படத்துக்கு நிற்கும்போது இருக்கும் பலம் வேறு என்பதை அந்த மனிதர் மறைக்கவில்லை.

அங்கிருந்து வாடகைக் காரில் தீபகற்பத்தின் தென்கோடிக்கு. வழியெல்லாம் சூரியகாந்தியும் ஒலிவ மரமும். செத்துல்பஹீர் ஒரு சின்னக் கிராமம், பழைய கோட்டை, அதற்குக் கீழே அரைவட்டமாக ஒரு மணற்கரை. பிரிட்டிஷ் வரைபடத்தில் இதற்கு ‘வி’ கடற்கரை என்று பெயர். குடும்பத்தோடு வந்தவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கரையை ஒட்டியே கல்லறைத் தோட்டம்.

கடல் தாக்குதல் நடந்த மார்ச் 18க்கும் தரைப்படை இறங்கிய ஏப்ரல் 25க்கும் இடையில் 38 நாள். தரைப்படைக்குத் தலைமை ஏற்ற இயன் ஹாமில்டனை லண்டனிலிருந்து அவசரமாக அனுப்பினார்கள், கையில் சரியான வரைபடம்கூடக் கிடையாது. கப்பல்களில் சாமான்களைத் தாறுமாறாக ஏற்றியிருந்ததால் எல்லாவற்றையும் எகிப்துக்குக் கொண்டுபோய் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. இந்தப் பக்கம், ஜெர்மன் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ் மார்ச் 26இல் வந்து பொறுப்பேற்று, சாலை போட்டு, கம்பிவேலி கட்டி, படையைப் பிரித்து நிறுத்திவைத்தார். கடலில் வருகிறோம் என்று ஒருமுறை காட்டிவிட்டு ஐந்து வாரத்துக்கு மேல் கழித்துத் தரையில் வந்தால் என்ன நடக்கும்?

ஏப்ரல் 25 காலையில் ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலில் 2,000 பேரை ஒளித்துவைத்து வந்து இந்தக் கரையில் தட்டவைத்தார்கள். விலாவில் கதவுகள் வெட்டி, அதிலிருந்து பலகைப் பாதை, அதன் முனையில் படகுப் பாலம் என்று ஏற்பாடு. மற்றவர்கள் திறந்த படகுகளில். டப்ளின், மன்ஸ்டர் படைப்பிரிவுகளின் ஐரிஷ் இளைஞர்கள்தான் அதிகம். மேலே யஹ்யா சாவுஷ் என்ற ஹவில்தாரும் ஒரு சிறிய பிரிவும். கப்பல் தட்டி, கதவு திறந்து, முதல் ஆள் வெளியே வரும் வரை அவர்கள் சுடவில்லை. அதற்கப்புறம் வெளியே வந்தவர்களெல்லாம் அந்தப் பலகையிலேயே விழுந்தார்கள். மேலே பறந்துபோன விமானி கரையோரக் கடல் சிவந்திருந்ததைப் பார்த்தார். இருட்டும் வரை மிச்சமிருந்தவர்கள் கப்பலுக்குள்ளேயே கிடந்தார்கள்.

சித்தப்பா மேட்டுக்கும் கரைக்கும் இரண்டு தடவை நடந்தார். “மேலே இருந்து பார்த்தால் கரையில் ஒரு இடம்கூட மறைவில்லை. அந்த மணல் விளிம்பு இருக்கிறதே, முழங்கால் உயரம்கூட இல்லை, அதன் பின்னால் படுத்தவன்தான் பிழைத்திருப்பான்” என்றார். உண்மையில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

இன்று எனக்கு மனதை விட்டுப் போகாத இடம் வேறொன்று. மேற்குக் கரையில் சில கிலோமீட்டர் வடக்கே ‘ஒய்’ கடற்கரை. செங்குத்தான சரிவு, புதர், ஒற்றையடிப் பாதை. அதே காலையில் அங்கே 2,000 பேர் ஒரு குண்டுகூட வாங்காமல் இறங்கி மேலே ஏறி நின்றார்கள். அங்கிருந்து க்ரித்தியா கிராமத்துக்கு நடந்து போகலாம், கர்னல் மாத்யூஸ் போய்ப் பார்த்தபோது ஊரே காலி. அந்த ஊரைப் பிடிப்பதற்கென்று அப்புறம் மூன்று பெரிய சண்டை போட்டு, ஆயிரக்கணக்கில் ஆள் இழந்து, கடைசி வரை பிடிக்கவே இல்லை! அன்று அவர்களுக்கு மேலே போ என்றும் உத்தரவு வரவில்லை, அங்கேயே குழி தோண்டு என்றும் வரவில்லை. ஹாமில்டன் குயின் எலிசபெத் கப்பலின் மேல்தளத்திலிருந்து அவர்கள் நிம்மதியாக நிற்பதைப் பார்த்தார். இன்னும் ஆட்களை அங்கே இறக்கலாமா என்று கீழ்த்தளபதி ஹன்டர்வெஸ்டனிடம் செய்தி அனுப்பிக் கேட்டார், அவர் வேண்டாம் என்றார், ஹாமில்டன் விட்டுவிட்டார். இரவில் உஸ்மானியர் தாக்கினார்கள், மறுநாள் இறங்கிய பிரிட்டிஷ் வீரர்கள் படகேறித் திரும்பிவிட்டார்கள். பெரிய பீரங்கியோடும் தொலைநோக்கியோடும் கடலில் நின்றவருக்கு எல்லாம் தெரிந்தது, அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அல்லது செய்யவில்லை. நாளைக்கும் நாளை மறுநாளும் பார்க்கப்போகிற இடங்களில் இதேதான் வேறு வேறு ஆட்களுக்கு நடந்தது.

‘ஒய்’ கரைக்குப் பக்கத்திலிருந்து உள்ளே ஓடும் பள்ளத்தாக்குதான் சிகின்தெரே. 1915 ஜூன் 4, க்ரித்தியாவின் மூன்றாம் சண்டையில் பதினான்காம் சீக்கியப் படைப்பிரிவு இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டி முன்னேறியது. ஒரே நாளில் ஏறக்குறைய முக்கால் பங்குப் பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். அவர்களோடு வந்த இரண்டு பஞ்சாபிப் படைப்பிரிவுகளில் முஸ்லிம் வீரர்களும் இருந்ததால், துருக்கிச் சுல்தானுக்கு எதிராகச் சுடுவார்களா என்று சந்தேகப்பட்டு பிரான்சுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் கூர்க்காக்கள் வந்தார்கள். கல்லறை கிடைக்காத இந்தியர்களின் பெயர்கள் தீபகற்பத்தின் தென்கோடியான ஹெல்லெஸ் முனையில் இருக்கிற உயரமான தூணைச் சுற்றிய சுவரில் இருக்கின்றன. மொத்தம் 20,000 பெயர்களுக்கு மேல். சிங், தாபா, குருங், ராய் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனோம். சித்தப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சல்யூட் அடித்தார். இந்தப் பெயர்களைப் பார்க்க நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்களும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையான அன்சாக் இறங்கிய பக்கம் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இங்கேயும் வாருங்கள்.

வியாழன், அன்சாக்

அரிபுர்னு கடற்கரை, இன்றைக்கு எல்லோரும் அன்சாக் என்று சொல்லும் இடம், நடந்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தலைக்கு மேலே மண் மலை மழையில் அரிந்து கூர்கூராக நிற்கிறது. ஏப்ரல் 25 விடிவதற்கு முன், நாலரை மணியளவில், ஆஸ்திரேலியர்கள் இங்கே இறங்கினார்கள். இறங்க நினைத்தது இன்னும் தெற்கே, கபாதெபே பக்கம் இருக்கிற அகலமான கரையில். இருட்டில் படகுகள் வடக்கே வந்துவிட்டன. ஆகஸ்ட் வரைக்கும் அவர்கள் பிடித்திருந்த நிலம் ஒரு சராசரி கிராமத்தின் எல்லைக்குள் அடங்கிவிடும்.

அவர்கள் இங்கே வந்து சேர்ந்த பாதை நமக்கும் பரிச்சயமானது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனுக்குப் பயந்துதான் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல்கள் பாதுகாப்போடு சேர்ந்து வந்தன. நவம்பர் 9இல் அந்தக் காவல் கப்பல்களில் ஒன்றான சிட்னி பிரிந்துபோய் கோகோஸ் தீவுப் பக்கம் எம்டனை அடித்து நாசமாக்கியது. மற்ற கப்பல்கள் கொழும்பில் நின்று, எகிப்துக்குப் போய், அங்கிருந்து இந்தக் கரைக்கு. கொழும்பில் கரையேறி ஊர் பார்த்த பையன்களில் எத்தனையோ பேர் இங்கே மேட்டில் கிடக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் சேர்ந்த ஒரு படைப்பிரிவும் வந்திருந்தது, அன்சாக் தளபதி பேர்ட்வுட்டின் தலைமையிடத்துக்குக் காவல் இருந்தார்கள்.

கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் சிம்சன் என்பவரின் கல்லுக்கு முன்னால் எப்போதும் ஆள் நிற்கிறது. காயப்பட்டவர்களைக் கழுதை மேல் உட்காரவைத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். மே 19இல் இறந்துபோனார். அவர் ராத்திரி போய்த் தங்கியது தன் படைப்பிரிவோடு இல்லை, இந்திய மலைப் பீரங்கிப் படையின் கோவேறு கழுதைக்காரர்களோடு. கோஹாட் பீரங்கிப் படை முதல் நாளே இங்கே இறங்கியது. கழற்றிக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சின்னப் பீரங்கிகள் அவர்களுடையவை. அந்த மலையில் முதல் நாட்களில் ஆஸ்திரேலியர்களுக்குத் துணையாக இருந்த பீரங்கி அவைதான்.

இன்னொரு பக்கம் கழுதை வண்டிக்காரர்கள். கரையில் இறங்கும் தண்ணீர், தோட்டா, மாட்டிறைச்சி டப்பா எல்லாம் ராத்திரியில் மேலே போக வேண்டும், காயப்பட்டவர்கள் கீழே வர வேண்டும். அந்தப் பாதைகளை இன்று நடந்து பார்த்தோம், வெறும் கையோடு ஏறவே மூச்சு வாங்குகிறது. இவர்கள் குண்டு விழும் பாதையில் தினமும் போய் வந்தார்கள். கோதுமை மாவு, பருப்பு, நெய் என்று இவர்களுக்குத் தனி ரேஷன். டப்பா இறைச்சியும் கல் மாதிரி பிஸ்கட்டும் தின்று வெறுத்துப்போன ஆஸ்திரேலியர்கள் சப்பாத்திக்காக இவர்கள் முகாமுக்கு வந்து போனார்கள். சண்டை முழுவதிலும் சுமார் 16,000 இந்தியர்கள் வரை வந்துபோனதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். கழுதைக்காரர் ஒருவர் இல்லாவிட்டால் மேலே பதுங்குகுழியில் நூறு பேருக்குத் தண்ணீர் இல்லை. வரலாற்றில் குழியில் நின்றவனுக்குத்தான் சிலை, அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனவனுக்கு இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

மே 19 அன்று உஸ்மானியர்கள் 40,000 பேருக்கு மேல் திரண்டு கீழே இருப்பவர்களைக் கடலுக்குள் தள்ளிவிடுவது என்று பாய்ந்தார்கள். அன்று ஒரே காலையில் அவர்கள் பக்கம் சுமார் 3,000 பேர் இறந்தார்கள். வெயிலில் பிணங்கள் அழுகி இரண்டு பக்கமும் தாங்க முடியாமல், மே 24இல் சில மணி நேரம் சண்டையை நிறுத்தி ஒன்றாகச் சேர்ந்து புதைத்தார்கள். சிகரெட் மாற்றிக்கொண்டார்கள். மாலையில் மறுபடி சுடத் தொடங்கினார்கள்.

மறுநாளே கடலிலும் இடி விழுந்தது. யு-21 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மே 25இல் டிரையம்ஃப் கப்பலை இந்தக் கரையிலிருந்து எல்லோரும் பார்க்க மூழ்கடித்தது, 27இல் ஹெல்லெஸ் முனையில் மெஜஸ்டிக்கை. அதற்கு முன்பே மே 13 அதிகாலை இருட்டில் முஆவெனெத் என்ற உஸ்மானியச் சிறு கப்பல் பனிமூட்டத்தில் மோர்டோ வளைகுடாவுக்குள் நுழைந்து கோலியாத்தை மூழ்கடித்திருந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் போனார்கள். பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாக விலகிப் போனபோது கரையில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே லோன் பைனுக்கு ஏறினோம். அங்கே சுவரில் 4,900க்கு மேற்பட்ட பெயர்கள். ஆகஸ்ட் 6லிருந்து சில நாள், மரக்கட்டையால் மூடிய குழிகளுக்குள் இறங்கி கைக்கு எட்டும் தூரத்தில் நடந்த சண்டை. இதைப் பற்றி எழுத எனக்கு இன்று தெம்பில்லை.

வெள்ளி, ஜோன்க்பாயிரி, சுவ்லா

ஜோன்க்பாயிரி மேட்டின் உயரம் வெறும் 260 மீட்டர் சொச்சம். இந்த மேட்டிலிருந்து ஒரு பக்கம் ஏஜியன் கடல் தெரிகிறது, மறுபக்கம் திரும்பினால் நீரிணை, அதில் போகிற எண்ணெய்க் கப்பல்கள்கூடத் தெரிகின்றன. கீழே அன்சாக் கரையிலிருந்து நேர்கோட்டில் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

ஏப்ரல் 25 காலையில் பத்தொன்பதாம் டிவிஷனின் தளபதி முஸ்தபா கெமால் இங்கே முன்னதாகவே வந்து நின்றார். கரையில் இறங்கியிருப்பவர்கள் இந்த மேட்டுக்குத்தான் வருவார்கள் என்று அவருக்குத் தோன்றியது, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காமல் 57ஆம் ரெஜிமெண்டைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எதிரே கரைக்காவல் வீரர்கள் சிலர் ஓடிவந்தார்கள். தோட்டா தீர்ந்துவிட்டது என்றார்கள். தோட்டா இல்லாவிட்டால் பயனெட் இருக்கிறதே என்று சொல்லி, மாட்டிக்கொண்டு தரையில் படுக்கச் சொன்னார். இவர்கள் படுத்ததும் பின்னால் துரத்தி வந்த ஆஸ்திரேலியர்களும் படுத்துவிட்டார்கள். அந்தச் சில நிமிடத்தில்தான் தாங்கள் ஜெயித்தோம் என்று அவரே பின்னால் சொன்னார். அப்புறம் 57ஆம் ரெஜிமெண்டுக்கு அவர் கொடுத்த உத்தரவு: “நான் உங்களைத் தாக்கச் சொல்லவில்லை, சாகச் சொல்கிறேன். நாம் சாவதற்குள் நம் இடத்துக்கு வேறு படைகளும் தளபதிகளும் வந்துவிடுவார்கள்.” அந்த ரெஜிமெண்ட் ஏராளமான ஆட்களை இழந்தது.

சித்தப்பாவுக்கு அந்த உத்தரவு பிடிக்கவில்லை. “ஆளைச் சாகச் சொல்கிற அதிகாரி கூடவே நின்றார் பார், அதனால் கேட்டார்கள். தூரத்திலிருந்து சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம்” என்றார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. உத்தரவு கொடுத்தவர் சாக வேண்டிய இடத்தில்தான் நின்றார் என்பது மட்டும் நிச்சயம். ஆகஸ்ட் 10இல் இதே மேட்டில் அவர் மார்பில் பட்ட குண்டுச் சிதறலைச் சட்டைப் பையில் இருந்த கடிகாரம் தடுத்தது.

ஆகஸ்ட் 7 விடியலில் பக்கத்து மேட்டில் ‘நெக்’ என்ற ஒடுக்கமான இடத்தில் ஆஸ்திரேலியக் குதிரைப்படையினர் கால்நடையாக நான்கு அலையாகப் பாய்ந்து நான்கு அலையும் விழுந்தது. பீரங்கித் தாக்குதல் ஏழு நிமிடம் முன்னாலேயே நின்றுவிட்டது, கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. முதல் அலைக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்த அதிகாரிகள் நிறுத்தச் சொல்லி ஓடினார்கள், பின்னால் உட்கார்ந்திருந்தவர் நிறுத்தவில்லை. அதே நாளில் கொஞ்சம் வடக்கே நியூசிலாந்தின் வெலிங்டன் படைப்பிரிவுத் தளபதி மலோன், பட்டப்பகலில் தன் ஆட்களைச் சாகக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். இரவில் ஏறி, 8ஆம் தேதி விடியும்போது இந்த உச்சியைப் பிடித்தார். நாள் முழுவதும் தாக்குப்பிடித்தார்கள். சுமார் 760 பேரில் காயமில்லாமல் கீழே இறங்கியது 70 பேரளவுதான். மலோன் மாலையில் இறந்தார்.

மறுநாள், 9ஆம் தேதி, மேஜர் அலன்சன் தலைமையில் ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸும் சில பிரிட்டிஷ் வீரர்களும் அடுத்த முகட்டில் ஏறி, கத்தியும் கையுமாகச் சண்டையிட்டு உச்சியில் நின்றார்கள். நீரிணையைக் கண்ணால் பார்த்தார்கள். இந்தச் சண்டை முழுக்க எதற்காக நடந்ததோ அந்தத் தண்ணீர் அவர்கள் காலுக்குக் கீழே இருந்தது. அப்போது தங்கள் பக்கத்துப் பீரங்கிக் குண்டுகளே அவர்கள் மேல் விழுந்தன. பின்னால் வர வேண்டிய படையும் வரவில்லை. இறங்க வேண்டியதாயிற்று. 10ஆம் தேதி விடியலில் கெமாலின் படை பயனெட்டோடு இறங்கி மொத்த முகட்டையும் திரும்பப் பிடித்தது.

வரவேண்டிய உதவிகளில் ஒன்று சுவ்லாவில் இருந்தது. மேட்டிலிருந்து வடக்கே பார்த்தால் அந்த வளைகுடாவும் கோடையில் வறண்டுவிடும் உப்பு ஏரியும் பளிச்சென்று தெரிகின்றன. ஆகஸ்ட் 6 இரவிலிருந்து அங்கே ஒரு முழுப் படையணி இறங்கியது. எதிரே இருந்தது ஒரு ஜெர்மன் மேஜரின் கீழ் சுமார் 1,500 பேர்தான். தளபதி ஸ்டாப்ஃபோர்டுக்கு 61 வயது, முழங்காலில் சுளுக்கு, ஜான்க்வில் என்ற கப்பலிலேயே தங்கிவிட்டார். ஆட்கள் கரையில் குளித்தார்கள், தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். எதிரே தேக்கே தெபே மேட்டில் ஏற 8ஆம் தேதி முழுவதும் இருந்தது, 9ஆம் தேதி விடியலில் ஏறப் போனபோது உஸ்மானியர்கள் மேலே வந்துவிட்டிருந்தார்கள். கீழே ஏரிக்கரை வரை காரில் போனோம், ஒரு ஆடு மேய்ப்பவரைத் தவிர யாருமில்லை. “இங்கிருந்து அந்த மேடு ஒன்றரை மணி நேர நடை” என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் சொன்னார், ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சனி, கெலிபொலு, பாலம்

திரும்பும் நாள். கெலிபொலு துறைமுகத்தில் வறுத்த மத்தி மீன் சாப்பிட்டோம். எலுமிச்சை பிழிந்து, ரொட்டிக்குள் வைத்து. விலையும் மலிவு.

அன்சாக்கும் சுவ்லாவும் டிசம்பர் 20க்குள், ஹெல்லெஸ் 1916 ஜனவரி 9இல் காலிசெய்யப்பட்டன. அதற்கு முன் நவம்பர் கடைசியில் மழை கொட்டிப் பதுங்குகுழிகளில் வெள்ளம் ஓடி, அதன் மேல் பனியும் பெய்து, சுவ்லாவில் குளிரிலேயே ஆட்கள் விறைத்துச் செத்தார்கள். இந்தப் படையெடுப்பில் ஒழுங்காகத் திட்டமிட்டு நடந்த ஒரே காரியம் திரும்பிப் போனதுதான். ஸ்கரி என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் இரண்டு தகர டப்பாக்களை வைத்து, மேல் டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக் கீழ் டப்பா நிறைந்ததும் கனத்தில் விசை இழுபட்டுத் தானாகச் சுடுகிற மாதிரித் துப்பாக்கிகளைச் செய்துவைத்தார். ஆட்கள் போன பிறகும் குழியில் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன. சித்தப்பாவுக்கு இந்தத் தந்திரம் மிகவும் பிடித்துவிட்டது, தாளில் படம் போட்டுக்கூடப் பார்த்தார். குழியில் நின்ற சிப்பாய்க்குத் தெரிந்திருக்கிறது, என்ன வேண்டும் என்று.

நேச நாடுகள் பக்கம் ஏறக்குறைய 44,000 பேர் இறந்தார்கள், உஸ்மானியர் பக்கம் 86,000க்கு மேல்.

புதுப் பாலம் வழியாக ஆசியப் பக்கம் திரும்பினோம். பெயரே 1915 சனக்கலே பாலம். 2022 மார்ச் 18இல் திறந்தார்கள், நடுத் தூண்களுக்கு இடையே 2,023 மீட்டர், உலகத்தில் இவ்வளவு நீளமான தொங்குபால இடைவெளி வேறு இல்லை. கோபுரங்கள் 318 மீட்டர், மூன்றாம் மாதம் பதினெட்டாம் தேதி என்ற கணக்கில் வைத்தது. கீழே சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

நேச நாட்டுக் கப்பல்கள் கடைசியில் இந்த வழியாகப் போனதும் உண்டு. 1918 அக்டோபர் 30இல் லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகத்தில் உஸ்மானியப் பேரரசு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. கையெழுத்து நடந்தது அகமெம்னான் கப்பலில், 1915 மார்ச் 18இல் முதல் வரிசையில் வந்த அதே அகமெம்னான். அந்த ஒப்பந்தத்தில் முதலில் இருந்ததே நீரிணையைத் திறப்பதும், கடற்கண்ணிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொடுப்பதும்தான். வழி சுத்தமானதும் நவம்பர் 13இல் கப்பல்கள் இஸ்தான்புல் போய் நின்றன.

நாளை ட்ராய். இங்கிருந்து அரைமணி நேரம்தான். சித்தப்பா இப்போதே கேட்கிறார், அங்கே கோட்டைச் சுவர் எவ்வளவு தடிமன் என்று.